திறன்பலகைப் பயிற்சி பொத்தானை அழுத்துவதோடு நின்றுவிடக் கூடாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்குக் கைக்கணினி, மற்ற பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று தமிழக அரசு அறிவித்த கருவிகள் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. கருவி வந்த வேகத்துக்கு, அதை வைத்துப் பாடம் நடத்தும் முறை வரவில்லை. திறன்பலகை என்ற தொடுதிரைப் பலகையை இயக்குவது, வைஃபையில் இணைப்பது, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாடத்தைத் தேடிக் காணொளியை ஓடவிடுவது: பயிற்சி பெரும்பாலும் இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. மணற்கேணி காணொளிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தொடுதிரையில் காணொளி மட்டும் ஓடினால், விலை கூடிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டியதாகத்தான் ஆகும்.

குழந்தை முதலில் ஊகிக்க வேண்டும், தொட்டு நகர்த்த வேண்டும், ஊகித்தது தவறென்றால் ஏன் என்று கேட்க வேண்டும். தொடுதிரைக்கு வேலை அந்த இடத்தில்தான். 40 நிமிடப் பாடவேளையில் பலகைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். மீதி நேரம் அதற்கு முன் கேட்கும் கேள்விக்கும் பின் நடக்கும் பேச்சுக்கும் உரியது.

ஏழாம் வகுப்பு மின்சுற்றுப் பாடத்தைப் பார்ப்போம். இரண்டு டார்ச் பல்புகளை ஒரே வரிசையில், அதாவது தொடராக, இணைத்த படத்தைக் கரும்பலகையில் வரைந்து, "எது பிரகாசமாக எரியும்?" என்று கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேராவது மின்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்பைச் சொல்வார்கள். முதல் பல்பு கரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு விடும் என்பது அவர்கள் எண்ணம். விடையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதவைத்த பிறகு, 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு, டார்ச் பல்பு இரண்டு, வயர் என்று உண்மையான சுற்றையே இணைத்துக் காட்டலாம். இங்கே ஒரு சிக்கல் வரும். இரண்டு பல்புகளும் ஒரே மாதிரி எரியாமல் போகலாம். கடையில் வாங்கும் பல்புகளில் ஒன்று 2.5 வோல்ட்டாகவும் மற்றது 3.8 வோல்ட்டாகவும் இருந்துவிடும். "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதுதான் சரி" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்களை அடக்க வேண்டாம். இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பிரகாசம் பல்போடு சேர்ந்து நகர்ந்தால் காரணம் பல்பு. பழைய இடத்திலேயே தங்கினால்தான் காரணம் இடம். பல்பு எரியவே இல்லையென்றால், வயர் நுனியின் மேலுறையை நன்றாகச் சுரண்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பலகைக்கு வேலை இதற்குப் பிறகுதான். இயற்பியலுக்கு 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இலவசம். பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமல் பிரவுசரிலேயே திறக்கலாம். மின்சுற்று சிமுலேஷனில் மின்கலம் 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று ஏற்கெனவே அமைத்திருக்கும். ஒரு பல்பை இணைத்தால் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, அம்மீட்டரை முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின் என்று மூன்று இடத்தில் வைக்க மூன்று மாணவர்களைக் கூப்பிடுங்கள். மூன்று இடத்திலும் 0.45. டார்ச் பல்பில் கண்ணுக்குத் தெரியாத இந்த எண்ணைக் காட்டத்தான் பலகை வேண்டும். பல்புகளைத் தனித்தனியாக மின்கலத்தோடு சேர்க்கும் பக்க இணைப்பில் ஒவ்வொரு பல்பிலும் 0.90, மின்கலத்தின் அருகே 1.80 என்று வருவதை, வைத்துப் பார்ப்பதற்கு முன்பே கணக்கிடச் சொல்லலாம். தொடங்கும் முன் ஒன்றை மாற்றிவிடுங்கள். சிமுலேஷன் முதலில் எலக்ட்ரான்கள் ஓடும் திசையைக் காட்டும். பாடநூலின் அம்புக்குறி மரபு மின்னோட்டத் திசையில், அதாவது நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு, இருக்கும். இரண்டும் எதிரெதிர் என்பதால் பிள்ளைகள் குழம்புவார்கள். பக்கத்துப் பெட்டியில் மரபு மின்னோட்டத்தைத் தேர்ந்துகொண்டால் குழப்பம் இல்லை. வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பலகை, நாற்பது பிள்ளைகள். ஒருவர் தொட, முப்பத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற குறை நியாயமானது. இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், சிலேட்டு போதும். கேள்வி பலகையில், விடை ஒவ்வொருவர் சிலேட்டிலும். ஆசிரியர் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். முன்பின் தூக்கினால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991இல் வகுத்த சகமாணவர் கற்றல் முறையில் ஓர் அளவுகோல் உண்டு. சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். 70 விழுக்காட்டைத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நடுவில் இருந்தால், விடையைச் சொல்லாமல், வேறு விடை எழுதிய பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிடச் சொல்லி மறுபடியும் கேட்க வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் 12, 28 என்று இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வியின் தரம் இதில் முக்கியம். தவறான விடைகள் பிள்ளைகள் உண்மையிலேயே செய்யும் தவறுகளாக இருக்க வேண்டும். "0.5, 0.35 இரண்டில் எது பெரியது?" என்று கேட்டால், 35 ஐந்தைவிடப் பெரியது என்று நினைத்து 0.35 என்பவர்கள் நிறையவே இருப்பார்கள். அந்தத் தவறு வெளியே வந்தால்தான் தசமத்தைப் பற்றிப் பேச முடியும். யாருமே தேர்ந்தெடுக்காத விடையைப் பட்டியலில் வைப்பது இடத்தை வீணாக்கும்.

சிலேட்டில் பார்த்த விடைகளைப் பதிந்துவைக்க விரும்புபவர்கள் பிளிக்கர்ஸ் அட்டைகளைப் பயன்படுத்தலாம். மாணவர்களிடம் கைபேசி தேவையில்லை. ஆசிரியரின் ஒரு கைபேசியும் அதில் இணையமும் இருந்தால் போதும். 40 அட்டைகள் கொண்ட தொகுதியை அச்சிட்டு, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். எந்த விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிக்கிறார்களோ அதுவே அவர்கள் விடை. கேமராவை வகுப்பு முழுக்க மெதுவாகத் திருப்பினால் எல்லா விடைகளும் பதிவாகிவிடும். அட்டை நீடிக்கட்டும் என்று பளபளப்பான லேமினேஷன் போட்டால், டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்கு அட்டை தெரியாது. காலண்டர் அட்டையில் ஒட்டினால் போதும். பிள்ளைகள் விரலால் கறுப்புக் கட்டங்களை மறைத்தாலும் பதிவாகாது என்பதால், ஓரத்தைப் பிடிக்கப் பழக்க வேண்டும். வேகமாக விடை சொன்னால் கூடுதல் மதிப்பெண் தரும் விநாடி வினா செயலிகளைத் தொடக்க வகுப்புகளில் தவிர்க்கலாம் என்பது எங்கள் கருத்து. மெதுவாக வாசிக்கும் குழந்தை அங்கே ஒவ்வொரு முறையும் தோற்கும். யோசிப்பதை விட்டுவிட்டு ஏதாவது ஒன்றைத் தொட்டுவிடப் பழகும்.

கணக்கில் ஜியோஜீப்ரா மென்பொருள் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம். ஆஸ்திரியாவில் மார்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் உருவாக்கியது. கணினியில் நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதைச் சொல்லித் தருவதற்குப் பதில், முக்கோணம் ஒன்றை வரைந்து, மூன்று கோணங்களையும் அளவிட்டு, ஒரு முனையைப் பிடித்து எங்கு வேண்டுமானாலும் இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் முன் ஒரு கேள்வி: "முனையை மேலே தூக்கினால் கூடுதல் ஏறுமா, இறங்குமா?" கோண அளவுகளை முழு எண்ணாகக் காட்டும்படி வைத்திருந்தால் 61, 60, 58 என்று வந்து கூட்டுத்தொகை 179 ஆகிவிடும். கருவி பொய் சொல்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அமைப்பில் இரண்டு தசம இடத்துக்கு மாற்றிவிட்டால், வித்தியாசம் வந்தாலும் 0.01 பாகைதான் இருக்கும். எட்டாம் வகுப்பு என்றால் மாற்றாமல் விட்டு, அந்த ஒரு பாகை எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். தோராயமாக்கல் பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

சமூக அறிவியலில் சொந்த ஊரையே பலகைக்குக் கொண்டுவரலாம். இணையம் உள்ள இடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஊரும் கண்மாயும் திரை முழுக்கத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, கீழே உள்ள அளவுகோலும் விழும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் போடும்போது படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடாதீர்கள், அளவுகோல் பொய்யாகிவிடும். படத்தின் மேல் பேனாவால் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால், ஊருணி ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வேறு வேறு நிறத்தில் குறிக்கட்டும். அளவுகோலில் 100 மீட்டருக்குச் சமமான பக்கம் கொண்ட கட்டங்களை மேலே வரைந்தால், ஒரு கட்டம் ஒரு ஹெக்டேர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். பாதிக்கு மேல் நீர்ப்பரப்பு உள்ள கட்டத்தை ஒன்றாக எண்ணி, குறைந்ததை விட்டுவிட்டால் கண்மாயின் பரப்பு கிடைத்துவிடும். கண்மாய்க்குள் பச்சையாகத் தெரிவதையெல்லாம் பயிர் என்று பிள்ளைகள் குறிப்பார்கள். பெரும்பாலும் அது சீமைக்கருவேலம். படம் கோடையில் எடுத்ததா, மழைக்குப் பின் எடுத்ததா என்பதைப் பொறுத்து நீர்ப்பரப்பும் மாறும். கூகுள் எர்த்தின் கணினி வடிவத்தில் பழைய ஆண்டுப் படங்களும் கிடைப்பதால், இரண்டு காலப் படங்களை அடுத்தடுத்து வைத்து என்ன மாறியிருக்கிறது என்று கேட்கலாம். பிறகு ஒரு நாள் கரைக்கே அழைத்துப் போய்ப் படத்தோடு ஒப்பிடலாம். ஆழமான பகுதிக்குக் கிட்டே போகவிட வேண்டாம்.

தொடக்க வகுப்புகளின் முதல் சிக்கல் உயரம். முதல் வகுப்புக் குழந்தை சுமார் 115 சென்டிமீட்டர் இருக்கும். கையை உயர்த்தினால் ஏறத்தாழ 140 வரை எட்டும். பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 110 சென்டிமீட்டரில் இருந்தால், குழந்தைக்குக் கிடைப்பது அடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான். 75 முதல் 80 சென்டிமீட்டருக்குள் மாட்டினால் கீழ்ப்பாதி முழுக்க எட்டும். ஏற்கெனவே உயரத்தில் மாட்டிய பள்ளிகளில், குழந்தைகள் நகர்த்த வேண்டியவற்றைத் திரையின் அடிப்பகுதியில் வைத்துத் தயாரிக்கலாம், அல்லது பலகையின் முழு நீளத்துக்கும் 15 சென்டிமீட்டர் உயரத்தில் அகலமான மரப்படி ஒன்று போடலாம். பெஞ்சும் நாற்காலியும் வேண்டவே வேண்டாம்.

எழுத்துப் பழக்கத்துக்குத் திறன்பலகை ஏற்றதல்ல. விரலுக்கும் கோட்டுக்கும் இடையே சிறு தாமதம் இருக்கும், எழுத்து கோணும். எழுதுவதற்கு மணலும் சிலேட்டும் நோட்டும்தான். பிரிப்பது, வரிசைப்படுத்துவது, பொருத்துவது ஆகியவற்றுக்குப் பலகை நன்றாக உதவும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் வகுப்பில், கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் பிரிந்து உட்காரும்போது, ஒரு நேரத்தில் நான்கு பேரை மட்டும் பலகைக்கு அனுப்பி, மற்றவர்களுக்கு அட்டைப் பயிற்சி கொடுத்து, ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். உயர் வகுப்புத் தமிழாசிரியர்கள் ஒரு குறளின் ஏழு சீர்களை ஏழு பெட்டிகளாக்கிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லிப் பார்க்கலாம். மனப்பாடம் இல்லாத பிள்ளையும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் சீர்களைத் தேடி அடிகளின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும். எதுகையை வரையறையாகச் சொல்வதற்கு முன்பே கண்டுகொள்ளும்.

ஆசிரியர்கள் ஆர்வமாகத் தயாரித்த பாடம் பலகையில் திறக்கும்போது சொதப்புவதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத பலகையில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். பழைய வினாத்தாள்களையும் பயிற்சித்தாள்களையும் எந்தக் கருவியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். அவசரத்துக்குப் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோகலாம். எழுத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. 65 அங்குலப் பலகையின் உயரம் 81 சென்டிமீட்டர்தான். ஸ்லைடில் 36 புள்ளிக்குக் குறைந்தால், கடைசி வரிசையில் இருப்பவருக்கு "கி"யும் "கீ"யும் ஒன்றாகத் தெரியும். பென் டிரைவில் நீளமான காணொளி ஏறவில்லையென்றால், அது பழைய ஃபேட்32 முறையில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் சேமித்துக்கொண்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிடலாம். அதற்கு முன் பலகை அந்த முறையைப் படிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

"பலகை கெட்டுவிட்டது, தானாகவே எழுதுகிறது" என்று வரும் புகார்களில் பல, பழுதே அல்ல. பெரும்பாலான பலகைகளில் தொடுதலைக் கண்ணாடி உணர்வதில்லை. சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் ஓடிக்கொண்டிருக்கும். விரல் அவற்றை மறிக்கும் இடம்தான் தொட்ட இடம். கீழ்ச் சட்டத்தில் சாக்பீஸ் தூள் படிந்தாலோ, பூச்சி உட்கார்ந்தாலோ, சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் உரசினாலோ அதையும் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும். சன்னல் வெயில் நேராக விழுந்தாலும் உணரிகள் தடுமாறும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. வாரம் ஒருமுறை பலகையை அணைத்துவிட்டு, உலர்ந்த மென்மையான தூரிகையால் சட்டத்தின் உள்விளிம்பைத் துடைத்து, சன்னலுக்குத் திரை போட்டால் பாதிப் புகார்கள் குறையும். தண்ணீரை நேராகத் தெளிக்கக் கூடாது. கரும்பலகைக்கு ஒட்டியே திறன்பலகையை மாட்டியிருந்தால், கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் யுபிஎஸ் அவசியம். பாடம் முழுவதும் ஓட வேண்டும் என்பதில்லை. முறையாக அணைக்க அவகாசம் கிடைத்தால் போதும்.

இவை எதுவும் கடினமானதில்லை. ஆனால் ஒரு நாள் கூட்டத்தில் இருநூறு பேருக்கு மேடையில் செய்துகாட்டினால் யார் கைக்கும் வராது. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களை இதற்கு மாற்றியமைக்கும்படி பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு கூட்டத்துக்கு ஒரு பாடம் போதும். இருவர் இருவராக உட்கார்ந்து, அந்தப் பாடத்துக்குப் பத்து நிமிடச் செயல்பாடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அதைச் சக ஆசிரியர்கள் மாணவர்களாக இருக்க அங்கேயே நடத்திப் பார்க்க வேண்டும். "இதில் குழந்தை யோசிக்கும் இடம் எது?" என்ற ஒரே கேள்வியை வைத்துத் திருத்தினால் போதும். ஒவ்வொரு செயல்பாட்டோடும் ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும்: கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளைகள் சொல்லக்கூடிய தவறான விடைகள், எடுக்கும் நேரம், மின்சாரம் இல்லையென்றால் என்ன செய்வது. வகுப்பு, பருவம், பாடம் என்ற வரிசையில் கோப்புக்குப் பெயரிட்டுப் பென் டிரைவில் பகிர்ந்துகொண்டால், ஓராண்டில் ஒரு வட்டாரத்துக்கே போதுமான தொகுப்பு சேர்ந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு ஆசிரியர்கள் கொண்டுவர வேண்டியது தங்கள் வகுப்பில் வந்த தவறான விடைகளைத்தான். அவற்றிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும்.

ஈராசிரியர் பள்ளிகளை இதில் மறந்துவிடக் கூடாது. ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் இடத்தில் கோப்பு தயாரிக்க நேரமே கிடைக்காது. அங்கே வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் தயாரான கோப்போடு போய், ஒரு பாடவேளையை வகுப்பாசிரியரோடு சேர்ந்து நடத்தித் தர வேண்டும். பலகை எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை எந்த ஆய்வுக் கூட்டத்திலும் கேட்க வேண்டாம். அந்தக் கணக்கைக் கேட்டால், நாள் முழுக்கக் காணொளியை ஓடவிடுவதே எளிய வழி என்று ஆகிவிடும். எத்தனை பிள்ளைகள் பலகையைத் தொட்டார்கள், எந்தத் தவறு திருந்தியது என்று கேட்கலாம். ஜூன் மாதக் குறுவள மையக் கூட்டத்துக்கு எந்தப் பாடம் என்பதை ஏப்ரலிலேயே அறிவித்தால், ஆசிரியர்கள் பல்பும் அட்டையும் கண்மாய்ப் படமும் தயாராக எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
சிவகங்கை மாவட்டம்.